பெண்கள் வார்டில் மிஞ்சிய ஊசி மருந்து

நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. என்னைவிட நீங்கள் நன்றாகவே போடுவீர்கள். நாங்கள் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டிப் போட்ட ஆட்கள். அந்தக் கதைகளைச் சொன்னால் உங்களுக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வரும், பொழுதும் போய்விடும். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஏழெட்டு வருடம் செய்தேன். நல்ல பெயர் வாங்கிக்கொண்டே செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரி. அதன் பெயர் உங்களுக்கு எதற்கு, அந்தக் கட்டடமே இப்போது இல்லை. நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் பெண்கள் வார்டு, அந்தப் பக்கம் ஆண்கள் வார்டு. பெண்கள் வார்டுக்கு நான் சிஸ்டர். ஆண்கள் வார்டில் தேவராஜ் என்று ஓர் ஆண் நர்ஸ். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்க அப்போது எங்களிடம் இருந்த பெரிய வலி மருந்து பெத்தடின். சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும், ஆம்பூல் என்போம். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆம்பூல். பெரிய டாக்டர் எழுதி வைத்த நிலையான உத்தரவு அது. ஆறடி லாரி டிரைவருக்கும் அதுதான், முப்பத்தாறு கிலோ நெசவுக்காரப் பெண்ணுக்கும் அதுதான். சனிக்கிழமை காலை இரண்டு வார்டுக்கும் சரிசமமாக எண்ணிக் கொடுப்பார்கள். பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வோம்.

ஆண்கள் வார்டில் வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். தேவராஜ் அண்ணன் கையில் ட்ரேயோடு என் வாசலில் வந்து நிற்பார்.

“சிஸ்டர், ரெண்டு இருந்தா குடும்மா. அங்க ஒருத்தரு கட்டில உடைச்சிக்கினு இருக்கிறாரு.”

“எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோங்கண்ணா. எங்க பொம்பளைங்களுக்கு அவ்ளோ தேவப்படாது” என்பேன்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருக்கும், மறைக்கவில்லை. நான் திருப்புட்குழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். என் அம்மா பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் நடவுக்கு இறங்கியவர். வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் என் வார்டில் மருந்து மிஞ்சுவது எனக்கு வியப்பாகப் படவில்லை. பெண்கள் தாங்குவார்கள், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். பெரிய டாக்டரும் ரவுண்ட்ஸில் சொல்லுவார், இந்த வார்டுதான் அமைதியான வார்டு என்று. எனக்குத் தலைகால் புரியாது.

இதோடு இன்னொரு பழக்கம். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு பார்வையாளர் நேரம். அப்போது எல்லாரும் விழித்து, கட்டிலில் உட்கார்ந்து, தலைவாரி இருப்பார்கள். நான் கேஸ் ஷீட் எழுதுவதற்கு அந்த நேரத்தைத்தான் வைத்திருந்தேன், ஒரே சுற்றில் வேலை முடியும் என்று. கட்டில் கட்டிலாகப் போய், “வலி இருக்குதாம்மா?” என்று கேட்பேன். பக்கத்தில் மாமியார் காபி ஆற்றிக்கொண்டு இருப்பார், கால்மாட்டில் புருஷன் நிற்பார். “இல்ல சிஸ்டரம்மா” என்று பதில் வரும். “வலி இல்லை” என்று எழுதி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று பெயர் வேறு.

இந்திராணி வந்தது அப்படி ஒரு வாரத்தில்.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்ட வீடு. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். பித்தப்பையில் கல். அந்தக் காலத்தில் அதை எடுக்க வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்பார்கள். வயிற்று ஆபரேஷன்களில் மூச்சு விடவே வலிக்கும் ஆபரேஷன் அது.

அவள் புருஷன் வரதனை எங்களுக்கு முன்பே தெரியும். இரண்டு மாதம் முன்புதான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி, தேவராஜ் அண்ணன் வார்டில் படுத்திருந்தார். நல்ல மனிதர். எங்கள் ஊசி மருந்துக்கு அவரைப்போல விளம்பரம் செய்தவர் யாரும் இல்லை. பெண்டாட்டியைப் படுக்க வைத்துவிட்டு அவளுக்குத் தைரியம் சொன்னார்.

“நீ ஒன்னும் பயப்படாத. எனக்குப் போட்டாங்க பாரு அந்த ஊசி, அத உனக்கும் போடுவாங்க. போட்டதுதான் தெரியும். ஆள அப்படியே தூக்கிக்கினு போய் மேகத்துல படுக்க வெச்சிடும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சிஸ்டரம்மா, எனக்குப் போட்ட அதே ஊசிதானே?” என்று கேட்டார்.

“அதேதான். எல்லாருக்கும் ஒன்னுதான்” என்றேன்.

காலையில் ஆபரேஷன். மதியம் கண் விழித்து முனகினாள். ஒரு ஆம்பூல் போட்டேன். அரை மணியில் வாந்தி. பொழுது சாய்வதற்குள் ஐந்து தடவை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையாலும் தையலைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. மயக்கம் கொடுத்த ஈதரின் வாந்தி என்று நினைத்தேன். ஈதர் கொடுத்தால் வாந்தி வரும், அது எங்களுக்குப் பழகியது. மறுநாள் காலையில் இன்னொரு ஆம்பூல் போட்டேன். மறுபடி வாந்தி. அதையும் ஈதர் கணக்கில் போட்டுவிட்டேன். அன்று மதியம் ட்ரேயோடு போனபோது கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா. எனக்கு வலியே இல்ல.”

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கேட்டேன். மாமியார் இருந்தார், வரதன் இருந்தார். “இல்லம்மா” என்றாள். எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையில் கேட்டேன், அதே பதில். சாயங்காலமும் அதே பதில். வரதன்தான் சற்றுக் குழம்பிப் போயிருந்தார்.

“எனக்கு நாலு நாளு அந்த ஊசி இல்லாம முடியல. இவ ரெண்டோட நிறுத்திட்டாளே. வயித்துக்குள்ள ஒன்னும் கோளாறு இல்லையே?”

“பொம்பளைங்க தாங்குவாங்கப்பா” என்றேன். அவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மாமியார் தலையை ஆட்டினார்.

அதற்கும் மறுநாள் காலை காய்ச்சல். மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. மேல்மூச்சு மட்டும்தான், கழுத்துக்குழி அடித்துக்கொள்கிறது, வயிறு அசையவே இல்லை. நகத்தில் நீலம் தட்டியிருந்தது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். வலது பக்கம், பிறகு இடது பக்கம், மறுபடி வலது. காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அடியில ரெண்டு பக்கமும் காத்தே போகல. நிமோனியா. இவங்க இருமினாங்களா?”

நான் யோசித்தேன். மூன்று நாளில் அவள் இருமி நான் கேட்கவில்லை.

“இல்ல சார்.”

“ஏன் இருமல?”

கேஸ் ஷீட்டைப் புரட்டினார். வலி இல்லை, வலி இல்லை, வலி இல்லை. மூடி என் கையில் கொடுத்தார். “பென்சிலின் போடு, ஆக்சிஜன் வை, உட்கார வெச்சு இரும வை. சளி வெளிய வந்தா பிழைப்பாங்க. வரலன்னா ராத்திரி தாண்டாது. பெத்தடின் கிட்டயே போகாத. இந்த நெஞ்சுல அது இறங்கினா இருக்கிற மூச்சும் நின்னுடும்.” சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போனார். அன்று அவருக்கு மூன்று ஆபரேஷன்.

உட்கார வைத்தேன். இருமச் சொன்னேன். தொண்டையில் ‘க்ஹ்’ என்று ஒரு சத்தம், அதற்கே முகம் சுண்ணாம்பாக வெளுத்து, கட்டில் கம்பியைப் பிடித்த விரல் மடங்கிக்கொண்டது. மறுபடி சொன்னேன். இப்போது அதுவும் வரவில்லை. அதட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், சாகப்போகும் ஒருத்தியை நான் அதட்டினேன்.

மாமியாரும் வரதனும் பக்கத்திலேயே நின்றார்கள். காய்ச்சல் என்று தெரிந்து உள்ளே விட்டிருந்தோம். “இருமுடி, சிஸ்டரம்மா சொல்றாங்க இல்ல” என்றார் மாமியார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன். வரதன் நகரவில்லை.

“நான் இருக்கேனேம்மா. கைய புடிச்சிக்கினு நிக்கறேன்.”

“அஞ்சு நிமிஷம். நடைல நில்லுங்க.”

தட்டியை இழுத்துக் கட்டிலை மறைத்தேன். கட்டிலில் உட்காரக்கூடாது என்பது விதி. உட்கார்ந்தேன்.

“இந்திராணி. இங்க யாரும் இல்ல. வலிக்குதா?”

தலையைத் திருப்பித் தட்டியைப் பார்த்தாள். பிறகு, “கிழிச்சிக்கினே இருக்குதும்மா. மூணு நாளா” என்றாள்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஊசி போடுவீங்க. போட்டா வாந்தி. வாந்தியில தையலு பிரிஞ்சிடும்.” இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. “பிரிஞ்சா இன்னும் ஒரு மாசம் படுக்கணும். பாவு தறியிலயே நிக்குது. கோர்வைப் புடவ. அவரு ஒருத்தரால ஆவாது.”

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் ஏற்றிய நீள நூல். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே பிணைக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். வரதன் நடுவில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிய, கரைக்கு இந்திராணி பக்கத்தில் உட்காருவாள். அவள் எழுந்துவராவிட்டால் புடவை நகராது. புடவை நிற்கிறதே என்று அவள் வலியை விழுங்கினாள். அது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஊசி போட்டால் வாந்தி என்பதை அவள் இரண்டே ஊசியில் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஏழெட்டு வருடத்தில் கண்டுபிடிக்கவில்லை.

“அவருக்கு ஒத்துக்கினுது. எனக்கு ஒத்துக்கல. ஒரே ஊசிதான்னு சொன்னீங்களே” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் எழுந்து அலமாரிக்குப் போனேன். அந்த வருடத்துக் கேஸ் ஷீட்டுகளை அள்ளி மேசையில் போட்டேன். இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டுவீர்கள். நான் நின்றபடியே புரட்டினேன். முதல் நாள் ஊசி. வாந்தி. ஊசி. வாந்தி. ஊசி வேண்டாம் என்றார். வலி இல்லை. அடுத்த ஷீட். ஊசி, வாந்தி, வேண்டாம், வலி இல்லை. எல்லாமே அப்படி இல்லை, சிலர் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். ஆனால் தாளுக்குப் பின் தாள் அதேதான் வந்துகொண்டிருந்தது. ஈதர் கொடுக்காமல் முதுகில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அதேதான். அப்படியானால் ஈதரும் இல்லை. எல்லாம் என் அச்சுக் கையெழுத்தில், அழகாக.

ஒரு ஷீட்டை மட்டும் தனியாக மடித்து வைத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடையைத் தாண்டி ஓடினேன். “அண்ணா, உங்க வார்டு ஷீட் பத்து குடுங்க, எதுவானாலும்.” தேவராஜ் அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆனாலும் படிக்க முடிந்தது. ஊசி. தூங்கினார். ஊசி கேட்டார். ஊசி. தூங்கினார். வாந்தி என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது. வரதனுடைய ஷீட்டும் அதில் இருந்தது.

அப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கிட்டயே போகாதே என்று உத்தரவு இருக்கிறது, அதன்படி இருக்கலாம். இந்திராணி செத்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இல்லையென்றால் சாவி என் இடுப்பில் இருக்கிறது, நானே கொஞ்சம் போட்டுவிடலாம். இரண்டாவதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஆனால் அவள் மூச்சு நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரியாத வேலையைத் தைரியம் என்ற பெயரில் செய்யக்கூடாது. கேஸ் ஷீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தியேட்டர் வாசலுக்குப் போனேன்.

உள்ளே ஒரு வயிறு திறந்திருந்தது. பெரிய டாக்டர் நிமிரவில்லை.

“யாரு?”

“பெண்கள் வார்டு சிஸ்டர், சார்.”

“போயிட்டாங்களா?”

“இல்ல சார். இரும முடியல. வலி. அதுக்கு மருந்து வேணும்.”

“காலையில தமிழ்லதானே சொன்னேன்.”

“சொன்னீங்க சார். ஒரு ஆம்பூலுக்குச் சொன்னீங்க. நான் கால் ஆம்பூல் கேக்க வந்தேன்.”

“கால் ஆம்பூல்னு ஒரு டோஸ் எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?”

“புத்தகத்துல இல்ல சார். நம்ம ஷீட்ல இருக்குது.”

வாசலிலேயே நின்று படித்தேன். முதல் ஷீட், இரண்டாவது, மூன்றாவது. மயக்கம் கொடுப்பவர் என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அவரைப் பார்க்காமல் படித்தேன். நாலாவது ஷீட்டில் பெரிய டாக்டர், “ஆம்பளைங்க ஷீட் இருக்கா?” என்றார். படித்தேன். வரதனுடையதையும் படித்தேன், ஒரே வீடு, ஒரே மருந்து, ஒரே அளவு என்று சொல்லி.

கத்தரி ஒன்று தட்டில் விழுந்தது. “எவ்வளவு நாளா இப்படி?”

“நான் வந்ததுலேர்ந்து சார்.”

“ஏன் சொல்லல?”

“எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

இதற்கு அவர் கத்துவார் என்று நினைத்தேன். கோபக்காரர், கத்தரியை விட்டெறிந்தும் பார்த்திருக்கிறேன். “எனக்கும்தான்” என்றார். பிறகு வேகமாகச் சொன்னார். “கால் போடு. அரை மணி பக்கத்துலயே உட்காரு. வாந்தி இல்லாம, வலியும் விடலன்னா இன்னொரு கால். மூச்சு மந்தமாச்சுன்னா வா. நடந்து வராத, ஓடி வா. நேரம் போட்டு எழுதிக்கோ, முடிச்சதும் கையெழுத்துப் போடறேன்.”

கால் ஆம்பூலைச் சிரிஞ்சில் ஏற்றிப் போட்டேன். தேவராஜ் அண்ணன் சாட்சிக்கு வந்து நின்றார். எங்கள் பதிவேட்டில் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று எழுதத்தான் கட்டம் இருந்தது. கால் என்று எழுத இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

பிறகு உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். முப்பத்தெட்டு. பத்து நிமிடம் கழித்து முப்பத்தைந்து. இருபது நிமிடத்தில் முப்பது. மூச்சு குறைந்தால் ஓடி வா என்றார். குறைகிறது. வலி விட்டுக் குறைகிறதா, மருந்து அமுக்கிக் குறைகிறதா? எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த ஐந்து நிமிடம் போல ஒரு ஐந்து நிமிடம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை. பயந்துபோய் இருந்தேன். எழுந்து இரண்டு அடி வைத்தும் விட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது வயிறு அசைந்தது. மூன்று நாளாக அசையாத வயிறு. மூச்சு கீழ்வரைக்கும் இறங்குகிறது. நகத்தைப் பார்த்தேன், நீலம் கூடவில்லை. கண் விழித்து என்னைப் பார்த்தாள்.

“வாந்தி வருதா?”

“இல்லம்மா.”

“வலி?”

“இருக்குது. பாதி இருக்குது.”

அந்தப் “பாதி இருக்குது” என்ற பதிலை என் வார்டில் நான் அதுவரை எழுதியதே இல்லை. இருக்கிறது, இல்லை, இரண்டுதான் எழுதுவேன். அரை மணி முடிந்ததும் இன்னொரு கால் போட்டேன். அது பிடித்தபிறகு ஒரு புடவையை நாலாக மடித்துத் தையல்மேல் வைத்து, அவள் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, என் கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, “இப்ப இருமு” என்றேன். இருமினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி. நாலாம் தடவை பழுப்பாக ஒரு கட்டி வந்து ட்ரேயில் விழுந்தது. அதன்பிறகு அடைப்பு எடுத்த வாய்க்கால் போல வந்துகொண்டே இருந்தது. பார்க்க அருவருப்பான காட்சி. எனக்கு அழுகை வந்தது.

பெரிய டாக்டர் மாலையில் வந்து குழலை வைத்துக் கேட்டார். “வலது பக்கம் கொஞ்சம் போகுது” என்றார். இடது பக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. மணிக்கு ஒருமுறை இருமல், நாலு மணிக்கொருமுறை மருந்து, ஒவ்வொரு முறையும் அவளைக் கேட்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

இந்தக் கதையில் நான் உங்களுக்கு ஒரு சூத்திரம் தருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தவறையும் நாங்கள் செய்தோம். அந்த வாரமே பெரிய டாக்டர் புது உத்தரவு எழுதி ஒட்டிவிட்டார்: பெண்களுக்குப் பாதி ஆம்பூல். பத்து நாள்கூட ஆகியிருக்காது. செவிலிமேட்டிலிருந்து கர்ப்பப்பை எடுக்க வந்த ஒரு பெண் பாதி ஆம்பூலில் துடித்துக்கொண்டிருக்க, என் கீழே வேலை பார்த்த நர்ஸ், “உத்தரவு பாதிதான் சிஸ்டர்” என்று உத்தரவைக் காட்டினாள். பிறகு முழுசு போட்டும் அந்தப் பெண்ணுக்குப் போதவில்லை. வாந்தியும் வரவில்லை. நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். முறைத்தார். பிறகு, பாதியில் தொடங்கு, கேட்டுக் கூட்டு என்று மாற்றி எழுதினார். இரண்டு வார்டுக்கும் அதையே எழுதினார்.

பெண் உடம்பில் இந்த மருந்துகள் வேறு மாதிரி வேலை செய்யலாம், குமட்டல் அதிகம் வரலாம் என்று இப்போது உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. மருந்துகளை முன்பெல்லாம் பெரும்பாலும் ஆண்களிடமே சோதித்துப் பார்த்தார்கள் என்பதையும் படித்திருப்பீர்கள். ஏன் எதற்கு என்பதை நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பார்வையாளர் நேரத்தில் வலியைக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், எதை வேண்டாம் என்கிறாள் என்று கேளுங்கள்.

இந்திராணி வீட்டுக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். மத்தியானம், வாசலில் குதிரை வண்டி நின்றது. வரதன் வார்டில் இருந்த எல்லாருக்கும் கோயில் பிரசாதம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்தும். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தேவராஜ் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னார்.

“எனக்கு ஒரு முழு ஊசி பத்தலண்ணே. இவளுக்குக் காலு, அரைலயே முடிஞ்சிடுச்சி பாருங்க. அவ்ளோதான் வலி இவளுக்கு. பொம்பளைங்க தாங்குவாங்கன்னு சிஸ்டரம்மாவே சொன்னாங்க.”

மாமியார் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், பையைத் தூக்கிக்கொண்டிருந்த இந்திராணி அதைக் கீழே வைத்தாள்.

“எனக்கு வலிச்சுது” என்றாள்.

வரதன் திரும்பிப் பார்த்தார்.

“ரொம்ப வலிச்சுதுய்யா. உன்னவிட ரொம்ப.” மாமியார் முன்னால், வார்டில் அத்தனை பேர் முன்னால், சத்தம் போடாமல் சொன்னாள். “தறிக்கு ஒரு மாசம் கழிச்சித்தான் வருவேன். அந்தப் புடவ நின்னா நிக்கட்டும்.”

வரதன் குனிந்து, அவள் வைத்த பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர்கள் போனபிறகு அவள் கேஸ் ஷீட்டை எடுத்தேன். “வலி இல்லை” என்று மூன்று இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, “தனியாகக் கேட்கவில்லை” என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மடித்து வைத்த அந்த இன்னொரு ஷீட்டை விரித்தேன். இந்திராணிக்கு எட்டு மாதம் முன்பு வந்தவள். அதே ஆபரேஷன், அதே விலாவின் கீழ். இரண்டு ஊசி, வாந்தி, வேண்டாம் என்றார். நாலாம் நாள் நிமோனியா. ஐந்தாம் நாள் தாள் முடிந்துவிடுகிறது. அவள் செத்தபோது, விதி என்று நானும் சொன்னேன், அவள் பிள்ளைகளிடம் சொன்னேன். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. அமைதியாகப் படுத்திருந்தவள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அதிலும் மூன்று இடத்தில் “வலி இல்லை” என்று இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோடு போட என்னால் முடியவில்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தேன்.

எல்லாரையும் தனியாகக் கேட்டு ஊசி போட்ட அந்த வாரம், வியாழக்கிழமை தேவராஜ் அண்ணன் ட்ரேயோடு வந்து வாசலில் நின்றார். அலமாரியைத் திறந்து காட்டினேன். காலியாக இருந்தது.